ஹார்பர் வேற, போர்ட் வேறயா? – வாசகர் கேள்வி பதில்

ஒரே மாதிரித் தோன்றும் ஆங்கிலச் சொற்களில் குழப்பம் இருந்தால் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் நிறைய, பாரிமுனைக்கு வடக்கே இருந்து வந்தவை. பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்ததால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம். சில கேள்விக்கு ஒரு வரி போதும், சிலவற்றுக்குப் போதாது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து “ஆர்பர்ல வேலை” என்றுதான் பேச்சு. அடையாள அட்டையில் மட்டும் போர்ட் என்று இருக்கும். காசிமேட்டை ஃபிஷிங் ஹார்பர் என்கிறார்கள். எது சரி?
– ராயபுரம் வாசகர்

இரண்டும் சரி. ஹார்பர் என்பது அலை அடங்கிய தண்ணீர். காற்றுக்கும் அலைக்கும் பயப்படாமல் கப்பலோ படகோ நிற்கிற இடம், அது இயற்கையாகவும் இருக்கலாம், கல்லைக் கொட்டிக் கட்டியதாகவும் இருக்கலாம். போர்ட் என்பது சரக்கு ஏறி இறங்கி, சுங்கம் கட்டி, கணக்கு எழுதுகிற இடம். அதனால்தான் தண்ணீரே இல்லாத மீனம்பாக்கத்துக்கு ஏர்போர்ட் என்று பெயர் வைக்க முடிந்தது.

இந்த இரண்டும் வேறு வேறு என்பதற்கு நம்ம ஊரைவிட நல்ல சாட்சி கிடைக்காது. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இங்கே இடம் வாங்கியதிலிருந்து இருநூறு வருடத்துக்கு மேல் மெட்ராஸ் பெரிய போர்ட்டாக இருந்தது, ஆனால் ஹார்பர் கிடையாது. கப்பலெல்லாம் தூரத்தில் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். துணி மூட்டையையும் துரைமாரையும் மசூலா படகில் ஏற்றி, அலையைத் தாண்டிக் கொண்டுவந்து கரையில் தள்ளுவார்கள். அந்தப் படகில் ஆணி கிடையாது, பலகையைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள், அலை மோதும்போது நெளிந்து கொடுக்குமே தவிர உடையாது. 1861 வாக்கில் கடலுக்குள் ஓர் இரும்புப் பாலம் போட்டார்கள். அப்புறம் அலைதடுப்புச் சுவர் கட்டிக்கொண்டிருந்தபோது 1881 நவம்பரில் அடித்த புயல் அதைப் பிய்த்துப் போட்டது. திரும்பக் கட்டி, 1904இல் துறைமுகப் பொறுப்புக்கு வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் நுழைவாயிலைக் கிழக்கிலிருந்து வடகிழக்குக்கு மாற்றின பிறகுதான் உருப்படியான ஹார்பர் கிடைத்தது. ஆக, உங்கள் தாத்தா சுவருக்குள் இருந்த தண்ணீரைச் சொன்னார், அட்டை நிர்வாகத்தைச் சொல்கிறது.

காசிமேட்டில் படகுக்குத்தான் பாதுகாப்பு வேண்டும், அதனால் அது ஹார்பர். போலீஸ்காரர்கள் “ஹார்பரிங்” என்று வழக்குப் போடுவதும் இதே சொல்தான், குற்றவாளிக்கு அடைக்கலம் கொடுத்தது என்று அர்த்தம்.

கடல் அரிப்புக்கு ஈரோஷன். ஜன்னல் கம்பியை உப்புக்காற்று அரிப்பதற்கும் ஈரோஷன் என்று என் மகள் எழுதினாள், டீச்சர் தப்பு போட்டுவிட்டார். தமிழில் இரண்டும் அரிப்புதானே?
– திருவொற்றியூர் வாசகி

டீச்சர் பக்கம்தான் நியாயம். ஈரோஷனில் பொருள் மாறாது, இடம் மாறும். இங்கிருந்த மணலைக் கடல் எடுத்துக்கொண்டு போய் வேறு இடத்தில் போடும், மணல் மணலாகவே இருக்கும். கரோஷனில் இடம் மாறாது, பொருள் மாறும். இரும்பு அங்கேயே நின்றுகொண்டு காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து துருவாகிவிடும், உப்பு அதை வேகப்படுத்தும்.

நீங்கள் இருக்கும் கரையில் இரண்டும் ஒன்றாக நடப்பதால் குழப்பம் வருவது இயல்பு. இந்தக் கடற்கரையில் வருடக் கணக்கில் பார்த்தால் மணல் தெற்கேயிருந்து வடக்கே நகர்கிறது. மேலே சொன்ன ஹார்பர் சுவர் அதை மறித்தது. மறித்த மணல் தெற்கே சேர்ந்து மெரினா அகலமானது, வர வேண்டிய மணல் வராததால் வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை கரைந்தது. மெரினாவில் சுண்டல் சாப்பிடுகிறவர்கள் யாருடைய மணலில் உட்கார்ந்திருக்கிறோம் என்று யோசிப்பதில்லை. அது ஈரோஷன். உங்கள் வீட்டுக் கூரையில் சிமென்ட் பெயர்ந்து கம்பி தெரிகிறதே, அது கரோஷன். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டை உள்ளிருந்தே வெடிக்க வைக்கும். வெளியில் பூசிப் பூசிப் பார்ப்பது வீண். கம்பியைச் சுத்தம் பண்ணாமல் மேலே பூசினால் அடுத்த மழைக்குள் திரும்ப வரும்.

என் கணவர் இறந்துவிட்டார். பேங்க் கணக்கில் நாமினி அவருடைய தம்பி. கல்யாணத்துக்கு முன்னாடி திறந்த கணக்கு, மாற்றவே இல்லை. “நாமினி நான், பணம் எனக்கு” என்கிறார் கொழுந்தனார். நாமினியும் லீகல் ஹேரும் வேறு வேறா?
– பழைய வண்ணாரப்பேட்டை வாசகி

வேறு வேறுதான் அம்மா, பயப்படாதீர்கள். பேங்க் யார் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கணக்கை முடிக்கலாம் என்பதற்காக எழுதிக் கொடுக்கிற பெயர் நாமினி. அவர் வாங்கி வைப்பவர். லீகல் ஹேர் என்றால் சட்டப்படி அந்தப் பணத்துக்குச் சொந்தக்காரர். நாமினி அதை வாங்கி வாரிசுகளிடம் ஒப்படைக்க வேண்டும். ஷேர் விஷயத்தில்கூட நாமினி முழு உரிமையாளர் ஆகமாட்டார் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வாரிசு யார் என்பது அவரவருக்குப் பொருந்தும் சட்டத்தைப் பொறுத்தது. இந்துவாக இருந்து, உயிலும் எழுதாமல் போயிருந்தால் 1956ஆம் வருட வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், தாய் எல்லோரும் முதல் வகுப்பு. கவனியுங்கள், தாய் உண்டு, தந்தை முதல் வகுப்பில் இல்லை, தம்பியும் இல்லை. மாமியார் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு, அதை மறைக்கப் பார்க்காதீர்கள், பின்னால் அதுவே வழக்காகும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கணக்கு வேறு. ஆயுள் காப்பீட்டில் 2015இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, நாமினி பெற்றோராகவோ கணவன் மனைவியாகவோ பிள்ளைகளாகவோ இருந்தால் அந்தப் பணம் அவர்களுக்கே சொந்தம். தம்பி இந்தப் பட்டியலில் வரமாட்டார்.

இதோடு ஒட்டிக்கொண்டிருக்கிற இன்னொரு ஜோடி: லீகல் ஹேர்ஷிப் சர்டிஃபிகேட், சக்ஸஷன் சர்டிஃபிகேட். இரண்டையும் நாம் வாரிசுச் சான்றிதழ் என்றே சொல்லித் தொலைக்கிறோம். முதலாவது தாசில்தார் கொடுப்பது, இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், இறந்தவருக்கு இன்னின்னார் வாரிசு என்று மட்டும் சொல்லும். இரண்டாவது கோர்ட் கொடுப்பது, இறந்தவருக்கு வர வேண்டிய கடன், டெபாசிட், பங்குப் பத்திரம் இவற்றை வசூலிக்க அதிகாரம் தரும். பேங்கில் எது வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு அலையுங்கள். முதலில் வாரிசுகள் சார்பில் உங்கள் ஆட்சேபத்தைப் பேங்குக்கு எழுதிக் கொடுத்து முத்திரையோடு நகல் வாங்கி வையுங்கள், அதை இன்றைக்கே செய்யுங்கள்.

மற்றவர்களுக்கு: 2025 நவம்பர் 1 முதல் ஒரு பேங்க் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். கல்யாணம் ஆனதும் ரேஷன் கார்டை மாற்றுகிறோம், கணக்கில் இருக்கும் பெயரை யாரும் பார்ப்பதில்லை.

ஸ்க்விட், கட்டில்ஃபிஷ். ஏலத்தில் இரண்டுக்கும் விலை வேறு, ஹோட்டலில் இரண்டையும் கலமாரி என்கிறார்கள். அப்புறம் பிரான், ஷ்ரிம்ப்?
– காசிமேடு வாசகர்

காசிமேட்டுக்காரர் எங்களிடம் கேட்கிற கேள்வியா இது! ஊசிக் கணவாய் ஸ்க்விட், ஓட்டுக் கணவாய் கட்டில்ஃபிஷ். சந்தையில் இரண்டையும் கடம்பா என்று ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள், ஆனால் கையில் எடுத்தால் தெரிந்துவிடும். ஸ்க்விட் நீளமாக, கூராக இருக்கும், உள்ளே கண்ணாடிக் காகிதம் மாதிரி மெல்லிய ஒரு தண்டு, இழுத்தால் வந்துவிடும். கட்டில்ஃபிஷ் அகலமாக இருக்கும், சுற்றிலும் துடுப்பு ஓடும், உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு ஓடு. நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்கிறார்களே, லவ் பேர்ட்ஸ் கூண்டில் தொங்க விடுகிறார்களே, அந்த ஓடுதான். பழைய போட்டோவின் பழுப்பு நிறத்தை சீபியா என்கிறோம், அது கட்டில்ஃபிஷுக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயர், அதன் மையிலிருந்துதான் அந்த நிறத்தை எடுத்தார்கள். கலமாரி இத்தாலியிலிருந்து வந்த சொல், ஸ்க்விட்டைத்தான் குறிக்கும், ஆனால் மாவில் முக்கிப் பொரித்து வளையமாகத் தட்டில் வைத்த பிறகு யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்.

கால் கணக்கு கேட்டால், ஸ்க்விட்டுக்கும் கட்டில்ஃபிஷுக்கும் எட்டு ‘ஆர்ம்’, இரண்டு ‘டென்டக்கிள்’. நீளமாக நீட்டி இரையைப் பிடிப்பது டென்டக்கிள், பிடித்ததை அணைத்துக்கொள்வது ஆர்ம். ஆக்டோபஸுக்கு, அதாவது பேய்க்கணவாய்க்கு, எட்டும் ஆர்ம்தான், டென்டக்கிளே கிடையாது. ஆக்டோபஸின் டென்டக்கிள் என்று எழுதாத ஆங்கிலப் பத்திரிகை இல்லை, அது வேறு விஷயம்.

பிரான், ஷ்ரிம்ப் கதை வேறு. உயிரியல் படித்தவர்கள் ஓட்டின் மடிப்பைப் பார்த்துப் பிரிப்பார்கள்: வயிற்றுப் பகுதியில் இரண்டாவது வளையம் முன்னாலும் பின்னாலும் உள்ள இரண்டின் மேலும் படிந்திருந்தால் ஷ்ரிம்ப், ஒவ்வொன்றும் தனக்குப் பின்னால் உள்ளதன் மேல் கூரை ஓடு போல் வரிசையாகப் படிந்திருந்தால் பிரான். ஆனால் வியாபாரத்தில் இதை யாரும் மதிப்பதில்லை. இந்தியாவிலும் இங்கிலாந்திலும் பெரும்பாலும் பிரான், அமெரிக்காவில் பெரும்பாலும் ஷ்ரிம்ப். அமெரிக்கக் கடலைச் சேர்ந்த வனாமி இறாலை 2009இல் இங்கே வளர்க்க அனுமதித்தார்கள், இங்கிருந்து ஏற்றுமதியாகும்போது பெட்டியில் ஷ்ரிம்ப், அதே இறால் பிரியாணியில் விழுந்தால் பிரான். நமக்கு எறா. இதில் தப்பு சரி பார்த்து யாரையாவது திருத்தினால் நாம்தான் அசடாவோம்.

எலும்பில் ஃப்ராக்சர் என்றால் சின்ன விரிசல், பிரேக் என்றால் முழுசாக முறிந்தது. சரியா?
– கொருக்குப்பேட்டை வாசகர்

தப்பு. இரண்டும் ஒன்று. டாக்டர் எழுதினால் ஃப்ராக்சர், கீழே விழுந்தவர் சொன்னால் பிரேக். ஊரில் பாதிப் பேர் நம்பும் வித்தியாசம் இது. “ஃப்ராக்சர்தான், உடையவில்லை” என்று ஆறுதல் சொல்லிக்கொண்டு மாவுக்கட்டு போடாமல் திரிபவர்கள் உண்டு. பிரிக்க வேண்டியது ஸ்பிரெய்னையும் ஸ்ட்ரெய்னையும்: மூட்டில் எலும்பையும் எலும்பையும் கட்டியிருக்கும் நார் இழுபட்டால் ஸ்பிரெய்ன், தசையோ தசைநாரோ இழுபட்டால் ஸ்ட்ரெய்ன். கணுக்கால் பிசகுவது முன்னது, மூட்டை தூக்கி முதுகு பிடித்துக்கொள்வது பின்னது.

என் அப்பா அந்தக் காலத்தில் பி அண்ட் சி மில்லில் இருந்தவர். “லே-ஆஃப்ல இருந்தோம், அப்புறம் கூப்பிட்டாங்க” என்பார். இப்போது என் மகனை ஐ.டி. கம்பெனியில் லே-ஆஃப் செய்துவிட்டார்கள், யாரும் கூப்பிடவில்லை. சொல்லின் அர்த்தம் மாறிவிட்டதா?
– பெரம்பூர் வாசகர்

மாறவில்லை ஐயா, கடல் தாண்டிப் போய்விட்டு வந்திருக்கிறது. உங்கள் அப்பா சொன்னது இந்தியச் சட்டத்தின் லே-ஆஃப். 1947ஆம் வருடத் தொழில் தகராறுகள் சட்டத்தில் அதற்கு அர்த்தம் எழுதியே வைத்திருந்தார்கள், 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அதே அர்த்தம்தான்: கரி இல்லை, கரண்ட் இல்லை, பஞ்சு இல்லை, மெஷின் உடைந்துவிட்டது, சரக்கு தேங்கிவிட்டது, இந்த மாதிரிக் காரணத்தால் முதலாளியால் வேலை கொடுக்க முடியவில்லை, ஆனால் உங்கள் பெயர் மஸ்டர் ரோலில், அதாவது ஆள் வருகைப் பதிவேட்டில், அப்படியே இருக்கிறது. வேலை போகவில்லை, இன்றைக்கு வேலை இல்லை, அவ்வளவுதான். ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி.

பெயரையே அடித்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினால் அதற்குச் சட்டத்தில் ரிட்ரெஞ்ச்மென்ட் என்று பெயர், தமிழில் ஆட்குறைப்பு. ஒழுங்கு நடவடிக்கைக்காக நீக்குவது இதில் வராது. ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் பதினைந்து நாள் சராசரிச் சம்பளம், கடைசியில் வந்தவர் முதலில் போக வேண்டும் என்ற வரிசை, இதெல்லாம் அதற்கு உண்டு. அமெரிக்காவில் இந்தப் பிரிவினையை விட்டுவிட்டு, வேலையை விட்டு அனுப்புவதையே லே-ஆஃப் என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். அந்தப் பழக்கம் கம்பெனியோடு சேர்ந்து ஓ.எம்.ஆர். ரோட்டுக்கு வந்திறங்கியது. உங்கள் மகனுக்கு நடந்தது நம்ம சட்ட மொழியில் லே-ஆஃப் கிடையாது. அவர் கம்பெனியிடமிருந்து வந்த கடிதத்தை எடுத்துப் பாருங்கள், ‘ரிசிக்னேஷன்’ என்று இருந்தால் அவராகவே விலகியதாகக் கணக்கு, அது இன்னும் மோசம். ராஜினாமா செய்பவருக்கு ஆட்குறைப்பு நஷ்டஈடு கிடையாது, அதனால்தான் பல இடங்களில் அனுப்பப் போகிறவரிடமே ராஜினாமா எழுதி வாங்குகிறார்கள். அவர் செய்த வேலை சட்டப்படி ‘ஒர்க்கர்’ (பழைய சட்டத்தில் ‘ஒர்க்மேன்’) என்ற வகைக்குள் வருகிறதா என்பது தனிக் கேள்வி, அதைத் தொழிலாளர் வழக்கறிஞரிடம் கடிதத்தைக் காட்டித்தான் கேட்க வேண்டும்.

மில் என்றதும் இன்னொரு ஜோடியும் ஞாபகம் வருகிறது. தொழிலாளி வேலைக்குப் போக மறுத்தால் ஸ்ட்ரைக், முதலாளி கேட்டை மூடினால் லாக்-அவுட். 1918இல் மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்ததும், 1921இல் மாதக்கணக்கில் போராட்டம் நடந்ததும் உங்கள் பெரம்பூர் மில்லைச் சுற்றித்தான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டிலும் காட்சி ஒன்று, கேட் மூடியிருக்கும், ஆட்கள் வாசலில் நிற்பார்கள். அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்ற வழக்கு வரும்போது யார் மூடியது என்பதில்தான் சண்டையே. திரும்பத் திறக்கும் எண்ணமே இல்லாமல் மூடினால் க்ளோஷர்.

இந்த வித்தியாசமெல்லாம் தெரிந்து என்ன ஆகப் போகிறது? எப்படிப் பேசினாலும் புரிகிறதே.
– வியாசர்பாடி வாசகர்

பாதிக்கு ஒன்றும் ஆகாது, பிரான் ஷ்ரிம்ப் மாதிரி. மீதிப் பாதி கையெழுத்துப் போடும் காகிதத்தில் வரும்.

அப்பாவுக்கு இருதய நோயே கிடையாது. கிட்னி பிரச்சினையில் இறந்தார். டெத் சம்மரியில் கார்டியாக் அரெஸ்ட் என்று எழுதியிருக்கிறார்கள். ஹார்ட் அட்டாக் வந்ததை எங்களிடம் மறைத்துவிட்டார்களா?
– தண்டையார்பேட்டை வாசகர்

மறைக்கவில்லை. இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் அடைத்துக்கொள்வது ஹார்ட் அட்டாக். இருதயம் அப்போதும் அடித்துக்கொண்டிருக்கும், ஆள் பெரும்பாலும் நினைவோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்து வழிய உட்கார்ந்திருப்பார். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சுத் திணறல், அசதி என்றுகூட வரும். கார்டியாக் அரெஸ்ட் என்றால் இருதயம் நின்றே போவது. ஹார்ட் அட்டாக் அதற்கு ஒரு காரணமாகலாம், கிட்னி கெட்டு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினாலும் நிற்கும். யார் எதில் இறந்தாலும் கடைசியில் இருதயம் நிற்கத்தானே வேண்டும். அதனால் அது இறந்த விதம், காரணம் ஆகாது. சான்றிதழில் அதற்குக் கீழே, எதனால் அது நேர்ந்தது என்று எழுத வேண்டிய வரி இருக்கும், இன்சூரன்ஸ்காரர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். அது காலியாக இருந்தால் ஆஸ்பத்திரியில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

எல்லோருக்குமாக இன்னொன்று: ஹார்ட் அட்டாக் என்றால் உட்கார வைத்து 108ஐக் கூப்பிட வேண்டும். ஆள் சாய்ந்து, கூப்பிட்டால் அசையாமல், மூச்சு சரியாக இல்லை என்றால் அரெஸ்ட். 108ஐக் கூப்பிடும்போதே ஒருவர் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம் போகிற மாதிரி அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

பேப்பரில் ஒருநாள் தெஃப்ட், ஒருநாள் ராபரி, ஒருநாள் டகாய்ட்டி. மாற்றி மாற்றிப் போடுகிறார்களா?
– புது வண்ணாரப்பேட்டை வாசகி

பேப்பர்காரர்கள் சிலசமயம் மாற்றிப் போடுவார்கள், சட்டம் போடாது. உங்கள் சம்மதம் இல்லாமல் எடுத்தால் தெஃப்ட். அடித்தோ மிரட்டியோ எடுத்தால் ராபரி. அதையே ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் டகாய்ட்டி. நான்கு பேர் வரை ராபரி, ஐந்தாவது ஆள் வந்து நின்றால் நால்வருக்கும் சேர்த்து ஆயுள் தண்டனை வரை போகும். டகாய்ட்டி ஆங்கிலமே கிடையாது, இந்தியில் கொள்ளைக்காரனுக்குச் சொல்லும் சொல்லை வெள்ளைக்காரன் எடுத்துத் தன் சட்டத்தில் வைத்துக்கொண்டான். செயின் பறிப்புக்கு 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் ஸ்நாட்சிங் என்று தனிக் குற்றமே இருக்கிறது.

இதைவிட முக்கியமான ஜோடி சி.எஸ்.ஆரும் எஃப்.ஐ.ஆரும். ஸ்டேஷனில் புகார் கொடுத்ததற்கு ரசீது சி.எஸ்.ஆர்., வழக்குப் பதிவு செய்தால்தான் எஃப்.ஐ.ஆர். வண்டி தொலைந்து சி.எஸ்.ஆரை எடுத்துக்கொண்டு போனால் இன்சூரன்ஸ் கம்பெனியில் உட்காரக்கூடச் சொல்லமாட்டார்கள். (வடசென்னை என்றதும் கத்தியைத் தூக்கிக் காட்டுகிற சினிமாக்காரர்களுக்கு இந்த ஜோடி ஏனோ ஞாபகம் வருவதில்லை.)

ஷேட், ஷேடோ: நான் 5ஆம் வகுப்பு.
– எருக்கஞ்சேரி மாணவர்

தம்பி, நிழலுக்கு உருவம் இருந்தால் ஷேடோ, வெயில் படாத இடம் என்று மட்டும் சொன்னால் ஷேட். பஸ் ஸ்டாப் நிழற்குடையில் பார். மதியம் தாண்டினால் அதன் ஷேடோ ரோட்டில் விழும், பெஞ்சில் ஷேட் இருக்காது.

ஸ்டேஷனரி என்று இரண்டு சொல். உச்சரிப்பு ஒன்று, ஸ்பெல்லிங் வேறு. ஞாபகம் வைப்பது எப்படி?
– மண்ணடி வாசகர்

என்வலப்புக்கு முதல் எழுத்து ஈ, ஆண்டர்சன் தெருவில் விற்கிற பேப்பர், பேனா ஸ்டேஷனரிக்கும் நடுவில் ஈ. நகராமல் நிற்பதற்கு ஏ. ஆனால் வேர் ஒன்றுதான். முன்பு ஐரோப்பாவில் பொருள் விற்கிறவர்கள் பெரும்பாலும் ஊர் ஊராகச் சுற்றினார்கள், பல்கலைக்கழகத்துப் பக்கத்தில் புத்தகம் விற்றவர்கள் மட்டும் ஒரே இடத்தில் கடை போட்டு நின்றார்கள். நின்றவர் ஸ்டேஷனர், அவர் விற்றது ஸ்டேஷனரி.

2017இல் எங்கள் பக்கத்தில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியதே, அதை கொலிஷன் என்று எழுதினார்கள். அமெரிக்காவில் பால்டிமோரில் பாலத்தில் கப்பல் மோதியதை அலிஷன் என்று ஒருவர் சொன்னார். எழுத்துப்பிழையா?
– எண்ணூர் வாசகர்

பிழை இல்லை. இரண்டும் நகர்ந்துகொண்டிருந்து மோதினால் கொலிஷன். 2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பல் வந்துகொண்டிருந்தது, ஒன்று போய்க்கொண்டிருந்தது. அப்புறம் பக்கெட்டில் எண்ணெயை வாரியவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிற்கிற ஒன்றின் மேல் கப்பல் போய் மோதினால் அலிஷன், 2024 மார்ச் 26 பால்டிமோர் மாதிரி. கடல் சட்டத்தில் இதற்கு ஒரு பயன் உண்டு. அலிஷன் என்றால் நகர்ந்த கப்பல்தான் தப்பு செய்தது என்று வைத்துக்கொண்டு வழக்கு ஆரம்பிக்கும், இல்லை என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

நண்பர் ஆட்டோ லோன் வாங்குகிறார். “சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்து” என்று கூப்பிடுகிறார். ஃபாரத்தில் கேரண்டார் என்று இருக்கிறது. விட்னஸும் கேரண்டாரும் ஒன்றுதானே?
– மூலக்கடை வாசகர்

போடுவதற்கு முன்னால் கேட்டீர்களே, அதுவரை சந்தோஷம். விட்னஸ் என்றால் இவர் என் கண் முன்னால் கையெழுத்துப் போட்டார் என்று சொல்பவர், கடனுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. கேரண்டார் ஜாமீன்தாரர். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் அவரைத் துரத்திப் பார்த்துவிட்டு, கிடைக்கவில்லை என்றால்தான் உங்களிடம் வர வேண்டும் என்று ஒரு விதியும் கிடையாது, நேராக உங்கள் வீட்டுக்கே வரலாம். அவர் தவணை தவறினால் உங்கள் கிரெடிட் ஸ்கோரும் விழும், நாளைக்கு நீங்கள் லோன் கேட்கும்போது தெரியும்.

நண்பர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை, அவருக்கே தெரியாமல் இருக்கலாம், ஃபைனான்ஸ் ஆள் அப்படித்தான் சொல்லிக் கூட்டிவரச் சொல்லியிருப்பார். ஃபாரத்தை வீட்டுக்கு எடுத்து வந்து எந்தச் சொல்லுக்குக் கீழே உங்கள் பெயர் வருகிறது என்று பாருங்கள். கோ-ஆப்ளிகன்ட் என்று இருந்தால் நீங்களும் சேர்ந்து கடன் வாங்கியவர் என்றே ஆகிவிடும். அந்த ஆட்டோவின் முழுத் தவணையையும் உங்கள் சம்பளத்தில் கட்ட முடியும், கட்டினாலும் நட்பு கெடாது என்றால் போடுங்கள், இல்லை என்றால் விட்னஸ் கட்டத்தில் மட்டும் போடுகிறேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள். போட்டுவிட்டால் அக்ரிமென்ட் நகல் ஒன்றை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள், அப்புறம் கேட்டால் தரமாட்டார்கள்.